தைலக் குப்பியில் ஈயக் குண்டு

ஸ்ரீநாத் சுட்டால் கௌதாரி சாகாது. விழும். இறக்கை ஒன்று தொங்க, தத்தித் தத்தி முள்ளுக்குள் ஓடி ஒளியும். அதற்கப்புறம் கோவிந்தன் ஓடுவார். ஐம்பத்தாறு வயசில், லுங்கியை மடித்துக் கட்டி, வரப்பைத் தாண்டி, கருவேல முள்ளை வெறுங்கையால் விலக்கி, பறவையைப் பிடித்து ஒரே திருகு.

"வலியோட உடக்கூடாது சார், பாவம்" என்பார்.

ஸ்ரீநாத் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அதையெல்லாம் பார்க்க அவனுக்குச் சகிக்காது. சுடுவதோடு அவன் சோலி முடிந்தது. சாகடிப்பது கோவிந்தனின் கைவேலை.

வெள்ளானூரில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்சுவருக்கு அப்பால் மனைக்கல் நட்டு வீடு வராத நிலம் கொஞ்சம், இன்னும் நாலைந்து பேர் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற நிலம் கொஞ்சம், அப்புறம் ஏரி. அந்த நிலத்தில் கோவிந்தனின் அப்பா அடுத்தவனுக்கு ஏர் ஓட்டினார். கோவிந்தன் அடுத்தவனுக்கு அறுத்தார். நிலம் விலைபோனபோது விற்றவன் அண்ணா நகருக்குக் குடிபோனான். அறுத்தவருக்கு அதே மண்ணில் எழும்பிய கட்டடத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை கிடைத்தது. அதற்கே அவர் நன்றியோடு இருந்தார். அவர் மகள் யுவராணிக்கு அந்த நன்றியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

யுவராணி பி.சி.ஏ. அவள் வம்சத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். ஏறி இறங்கி மூன்று வருஷமாகி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பார்சல் கிடங்கில் நின்றுகொண்டே ஸ்கேனரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பட்டம் பீரோவுக்குள் பட்டுப்புடவையோடு கிடந்தது.

எல்லாம் ஒரு பறவைக் குரலில் ஆரம்பித்தது. செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவரிடம் ஸ்ரீநாத் வந்து, "கோவிந்தண்ணா, பின்னாடி கத்துதே, அது கௌதாரியா?" என்று கேட்டான். கோவிந்தன் ஓஸ் பைப்பைக் கீழே போட்டுவிட்டு வாயைக் குவித்துக் கத்திக் காட்டினார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. ஸ்ரீநாத்துக்குக் கண் விரிந்தது. அவனிடம் புதுசாக ஒரு ஏர் கன் இருந்தது. லைசென்ஸ் தேவையில்லாத ரகம். குழலை மடக்கி, ஈயக் குண்டு ஒன்றைச் செருகி, நிமிர்த்திச் சுடவேண்டியதுதான். மொட்டை மாடியில் பாட்டில் சுட்டு அலுத்துப்போயிருந்தான்.

பேச்சோடு பேச்சாக, "உங்க பொண்ணு பி.சி.ஏ.வா? சொல்லவேயில்லையே! ரெஸ்யூம் அனுப்பச் சொல்லுங்க, எங்க கம்பெனியில நான் ரெஃபர் பண்றேன்" என்றான்.

அன்றிலிருந்து ஒன்றரை வருஷம், ஞாயிறு தவறாமல், கோவிந்தன் அவன் பின்னால் வயல்காட்டில் ஓடினார். ரெஸ்யூமை அவன் மூன்று தடவை கேட்டு வாங்கினான்.

ஒரு ஞாயிறு காலை யுவராணி இட்லிப் பொட்டலத்தோடு வரப்புக்குப் போனாள். ஸ்ரீநாத் மண்டி போட்டுக் குறி பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளை ஷூ, தொப்பி, கறுப்புக் கண்ணாடி.

"சார், மூச்ச அடக்கிகினு அழுத்துங்க. இஸ்துகினே சுட்டா குண்டு மேல பூடும்" என்று கோவிந்தன் கிசுகிசுத்தார்.

இழுத்துக்கொண்டே சுட்டான். குண்டு மேலே போனது. பறவையும்.

"ஒரு தரம் நா புடிச்சிப் பாக்கட்டா சார்?"

"வேணாம்ணா. ஸ்பிரிங் ரொம்ப சென்சிட்டிவ்."

கோவிந்தன் நீட்டிய கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். யுவராணி பொட்டலத்தை வரப்பில் வைத்தாள்.

"சார், நீங்க கறி சாப்புடுவீங்களா?"

"நோ நோ. நாங்க வெஜ். வீட்டுக்குள்ள முட்டை கூட வராது."

"அப்ப எதுக்கு சுடறீங்க?"

"ஸ்ட்ரெஸ் போகுது யுவராணி. வாரம் பூரா ஸ்கிரீனையே பார்த்துட்டு..."

"நான் வாரம் பூரா ஸ்கேனரப் பாக்கறேன். நான் யாரச் சுடறது?"

"தோ, வாய மூடு!" கோவிந்தன் பதறிப்போனார். அவனிடம் திரும்பி, "ஜாலிக்குப் பேசுது சார், தப்பா எட்த்துக்காதீங்க" என்றார்.

ஸ்ரீநாத் சிரித்தான். "இந்த கான்ஃபிடன்ஸ்தான் இன்டர்வியூல வேணும்." அதற்குள் பக்கத்துச் செடியில் இன்னொன்று தலை நீட்டியது. சுட்டான். விழுந்தது. கோவிந்தன் ஓடினார்.

வழக்கம்போல் ஸ்ரீநாத் துப்பாக்கியை வரப்பில் சாய்த்து வைத்துப் போட்டோ எடுத்தான். கோவிந்தன் ஓரமாக நின்று கௌதாரியைக் காலைப் பிடித்துத் தொங்கவிட்டுக் காட்ட வேண்டும். முகம் வரக்கூடாது. "கை மட்டும்ணா. இன்னும் தள்ளி."

சுட்டதை அவன் வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது என்பதால் எல்லாம் கோவிந்தன் வீட்டுக்கு வந்தது. அவர் மனைவி நாகவல்லி உரித்து, மிளகு போட்டு வறுப்பாள். முதல் தடவை ஈயக் குண்டைக் கடித்து அவளுக்குக் கடைவாய்ப் பல் தெறித்தது. அப்புறம் கறியை விரலால் நெருடி நெருடிக் குண்டைத் தேடி எடுத்து, காலித் தைலக் குப்பியில் போட்டு வைப்பாள். "தூக்கிப் போடேம்மா" என்று யுவராணி கத்தினால், "ஈயமாச்சே, கெடந்துட்டுப் போவட்டும்" என்பாள். அந்த வீட்டில் எதையும் தூக்கிப் போட்டுப் பழக்கமில்லை. சிறகுகளைக்கூடக் கொல்லையில் ஒரு மூலையில் குவித்து வைத்திருந்தாள்.

அந்தக் குடியிருப்பிலேயே ரோஷினி என்றொரு பெண் இருந்தாள். நீளக் குழல் கேமராவோடு ஏரிக்கரையில் பறவை பார்க்கிறவள். அவளுக்குப் பறவை மேல் உயிர். ஒரு ஞாயிறு அவள் கேமராவில் கோவிந்தன் விழுந்தார். லுங்கி, பனியன், கையில் உயிருள்ள கௌதாரி. அடுத்த படத்தில் கழுத்து திருகியிருந்தது. ஸ்ரீநாத் பத்தடி தள்ளிக் கருவேலத்துக்குப் பின்னால் நின்றிருந்தான். அவன் படத்தில் இல்லை. படம் பொய் சொல்லவில்லை. பாதி சொன்னது.

மத்தியானத்துக்குள் அது ஊரெல்லாம் சுற்றியது. 'வெள்ளானூர் ஏரிக்கரையில் பட்டப்பகலில் பறவை வேட்டை. இந்த ஆளைத் தெரியுமா?' குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் நூறு பேர் கொதித்தார்கள். வாட்ச்மேன் கஜபதி தன் போனைக் கொண்டுவந்து யுவராணியிடம் காட்டினார். "இன்னாம்மா இது? உங்க நைனாவ ரவுடி ரேஞ்சுக்குப் போட்டுகீறாங்க." அவள் விரலால் தள்ளிக்கொண்டே போனாள். 'கேவலம்.' 'ஜெயில்ல போடணும்.' 'நம்ம கார்டனர் மாதிரி இல்ல?' நடுவில் ஸ்ரீநாத்தும் இருந்தான். ஒரு வார்த்தை எழுதவில்லை. கண்ணீர் விடுகிற பொம்மை முகம் ஒன்றைப் போட்டிருந்தான்.

வியாழக்கிழமை வனத்துறை ஜீப் வந்தது. கொல்லையில் குவிந்திருந்த சிறகுகளைப் பையில் அள்ளிக்கொண்டார்கள். மறுநாள் காலை ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலமே ஸ்ரீநாத் கோவிந்தனைப் பம்ப் ரூம் பக்கம் கூப்பிட்டான். யுவராணியும் கூடவே போனாள். அவளைப் பார்த்ததும் அவனுக்கு முகம் சுருங்கியது.

"அண்ணா, என் பேர் வந்தா நான் காலி. அடுத்த மாசம் விசா இன்டர்வியூ. போலீஸ் கேஸ்னா கதவே திறக்காது. நீங்கன்னா விவரம் தெரியாம பண்ணிட்டார்னு ஏதோ அபராதம் கட்டச் சொல்லி விட்டுடுவாங்க. அதை நான் பார்த்துக்கறேன்." பிறகு யுவராணி பக்கம் திரும்பி, "உன் ரெஃபரல் பாஸ் ஆயிடுச்சு. புதன்கிழமை இன்டர்வியூ. மெயில் பாரு" என்றான்.

ஒன்றரை வருஷம் வராத மெயில். மத்தியானம் மூணு ஐந்துக்கு வந்திருந்தது. ஜீப் வந்து போன அரை மணி நேரத்துக்குள்.

"கண்ணி வெச்சிப் புடிச்சேன்னு சொல்லிடறேன் சார். நீங்க கவலப்படாதீங்க" என்றார் கோவிந்தன்.

திரும்பி வரும்போது அவள் வழி பூராவும் திட்டினாள். "அவன் சுட்டான், நீ சொமப்பியா? உனக்கு ரோஷமே கெடயாதா நைனா?"

"ரோஷம் வெச்சிகினு இன்னாத்த பண்றது? புதன்கெழமைக்கு ஒயுங்கா படி."

அவள் படிக்கவில்லை. காலையில் கிளம்பும்போது அலமாரியிலிருந்து தைலக் குப்பியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். கண்ணியில் மாட்டிய பறவை உடம்பில் ஈயக் குண்டு எப்படி வரும்? துப்பாக்கி இல்லாத வீட்டில் குண்டு எப்படி வரும்? இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தாள். படித்தவள் அல்லவா, உண்மையை மேசை மேல் வைத்தால் போதும் என்று நம்பினாள்.

வனவர் ஜெகதீசன் கெட்டவர் இல்லை. களைத்தவர். கோவிந்தனை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"எழுதற ஆள் லீவு. உன் கையெழுத்து நல்லாருக்குமாம்மா? அவர் சொல்றதை நீயே எழுது." வெள்ளைத் தாளை நகர்த்தினார்.

கோவிந்தன் சொல்லிக்கொடுத்த பாடம்போல ஒப்பித்தார். "கண்ணி வெச்சேன் சார். மாட்டிச்சி. கயுத்த திருவினேன். தப்புன்னு தெரியாது."

"முதல் தடவைங்கிறதால சின்ன அபராதத்தோட முடிக்கப் பார்க்கறேன்" என்றார் ஜெகதீசன். "எழுதும்மா."

யுவராணி பேனாவை மூடினாள். பையைத் திறந்து தைலக் குப்பியை மேசை மேல் கவிழ்த்தாள். ஈயக் குண்டுகள் கலகலவென்று உருண்டு கோப்புகளுக்கு அடியில் போயின.

"கண்ணி இல்ல சார். எல்லாம் சுட்டது. கறியிலேர்ந்து எங்கம்மா எடுத்தது. எங்க ஊட்ல துப்பாக்கி கெடயாது. அந்த அபார்ட்மெண்ட்ல ஸ்ரீநாத்துன்னு ஒருத்தர் கீறாரு. அவருதான் சுட்டாரு. எங்கப்பா கூடப் போனாரு, அவ்ளோதான்."

ஜெகதீசன் ஒரு குண்டை எடுத்து விரலிடுக்கில் உருட்டினார். களைப்பு போய் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னய்யா இது?"

கோவிந்தன் மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. கரையேறிக்கொண்டிருந்தவனை நடு ஆற்றில் பிடித்துத் தள்ளினால் எப்படிப் பார்ப்பானோ அப்படி.

"துப்பாக்கி என்னுது சார்."

"நைனா!"

"என்னுதுதான் சார். பழசு. ஒருத்தன்ட்ட வாங்கனது. போட்டோ வந்தவொடனே பயந்துகினு ஏரில போட்டுட்டேன்."

"பொய் சொல்றாரு சார்! அந்தாளு எனக்கு வேல தரேன்னு..."

"ஆமா சார்" என்று கோவிந்தன் குறுக்கே விழுந்தார். "அந்த சாரு வேல வாங்கித் தரேன்னாரு. லேட்டாச்சி. அந்தக் கோவத்துல இது அவரக் கோத்து உடுது."

பிறந்ததிலிருந்து யுவராணியைப் பொய் சொல்கிறாள் என்று அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

ஜெகதீசனுக்குச் சந்தேகம் போகவில்லை. "உன் துப்பாக்கின்னா சுட்டுக் காட்டு. எப்படிக் குண்டு போடுவ?"

கோவிந்தன் வெறுங்கையோடு அறை நடுவில் வந்து நின்றார். இடக்கையில் இல்லாத துப்பாக்கியைப் பிடித்தார். வலக்கையால் குழலைத் தட்டி, தொடையில் முட்டுக் கொடுத்து மடக்கினார். பனியனுக்குள்ளிருந்து எடுப்பதுபோல் ஒரு குண்டை எடுத்து, பெருவிரலால் அழுத்திச் செருகினார். நிமிர்த்தினார். ஒரு முழங்காலை ஊன்றி, கன்னத்தைக் கட்டையில் பதித்து, ஒரு கண்ணை மூடி, மூச்சை அடக்கினார். ஒன்றரை வருஷம் தொடவிடாத பொருளை அவர் கண்ணாலேயே கற்றிருந்தார். ஸ்ரீநாத் ஒரு நாளும் அவ்வளவு சுத்தமாகப் பிடித்ததில்லை.

ஜெகதீசன் குண்டைக் கீழே வைத்தார். "கண்ணின்னா நானே முடிச்சிருப்பேன்மா. துப்பாக்கின்னா முடியாது. கோர்ட்டுக்குத்தான் போகணும்." பிறகு, "அவர் சொன்னதை அப்படியே எழுது" என்றார்.

எழுதினாள். கோவிந்தன் கையெழுத்துப் போட்டார். தைலக் குப்பிக்கு ஒரு நம்பர் போட்டு உறையில் வைத்தார்கள்.

பூந்தமல்லி கிளைச் சிறையில் கோவிந்தன் பதினோரு நாள் உள்ளே இருந்தார். செவ்வாய்க்கிழமை யுவராணி பார்க்கப் போனபோது கம்பி வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "நாளைக்குப் போற இல்ல?" என்று மட்டும் கேட்டார்.

"போவ மாட்டேன்."

"அப்ப நா எதுக்கு இங்க குந்திகினு கீறேன்?"

மறுநாள் இன்டர்வியூவுக்குப் போனாள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். அப்பா என்ன செய்கிறார் என்றார்கள். தோட்ட வேலை என்றாள். அதற்குள் அதுவும் பொய்யாகியிருந்தது. குடியிருப்புச் சங்கம் கூடி அவரை நீக்கிவிட்டது. தீர்மானம் ஒருமனதாம். ஸ்ரீநாத் கையும் சேர்த்துத்தான் ஒருமனது.

வேலை கிடைத்தது. கழுத்தில் நீலப் பட்டையில் அடையாள அட்டை தொங்கியது. நாகவல்லி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கோவிந்தன் ஜாமீனில் வந்து, தினம் காலை பத்து மணிக்கு வனத்துறை ஆபீசில் கையெழுத்துப் போட்டார். மீதி நேரம் சும்மா இருந்தார். சும்மா இருந்து பழகாத உடம்பு. ஒருநாள் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு தெருவோரத்து வேப்பங்கன்றுக்கு நாலு நடை தண்ணீர் ஊற்றினார். யாரும் ஊற்றச் சொல்லவில்லை.

ஆபீஸ் கேண்டீனில் ஸ்ரீநாத் ஒரு தடவை எதிரே வந்தான். "அப்பா எப்படி இருக்கார்? கேஸ் முடிஞ்சதும் சொல்லு."

"முடிஞ்சிதான்னு எங்க ஊட்டாண்ட வந்து நீங்களே அவரக் கேட்டுக்கங்க சார்" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவள் பேச்சைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மூன்றாவது வாரம். கம்பெனிக்குள் ஊழியர்கள் மட்டும் பார்க்கிற விற்பனைப் பலகை ஒன்று உண்டு. பழைய பைக், குழந்தைக் கட்டில், கிட்டார் என்று போட்டு விற்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் அதைத் தள்ளிக்கொண்டிருந்தவளின் விரல் நின்றது.

'ஏர் ரைஃபிள். ஒன்றரை வருடம் பயன்படுத்தியது. வெளிநாடு செல்வதால் விற்பனைக்கு.' கீழே ஸ்ரீநாத் பெயர், அவன் இருக்கை எண். படத்தில் வரப்பில் சாய்த்த துப்பாக்கி. பின்னால் வெள்ளானூர் ஏரியின் உடைந்த மதகு. ஒரு மூலையில் வெள்ளை ஷூவின் நுனி. இன்னொரு ஓரத்தில் பாதி மட்டும் படத்தில் விழுந்த ஒரு கை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கருவேல முள் கிழித்த கோடுகள். கௌதாரியைப் படத்திலிருந்து வெட்டிவிட்டிருந்தான். இரண்டு வால் சிறகு மட்டும் விளிம்பில் மிச்சமிருந்தது.

வெளியாள் யாரும் பார்க்க முடியாத இடம் என்றுதான் அவன் அங்கே போட்டிருப்பான். அவளை உள்ளாள் ஆக்கியது தான்தான் என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது. இவளைப் போன்றவர்களை அவர்கள் அவ்வளவுதான் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

ஆபீஸ் பிரிண்டரிலேயே கலரில் எடுத்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு அப்பாவோடு அவளும் போனாள். எதற்கு என்று கோவிந்தன் கேட்டார். சும்மா என்றாள். ஜெகதீசன் மேசையில் தாளை வைத்த பிறகுதான் அவர் அதைப் பார்த்தார். தன் கையைத் தானே பார்த்தார்.

ஜெகதீசன் நேரம் எடுத்துப் படித்தார். அப்புறம் அவள் கழுத்து அட்டையைப் படித்தார். இரண்டிலும் ஒரே கம்பெனிப் பெயர்.

"தெரிஞ்சுதான் கொண்டாந்தியாம்மா?"

"தெரிஞ்சுதான் சார்."

"கோவிந்தா, இப்பவாவது சொல்லு. துப்பாக்கி யாருது?"

"என்னுதுதான் சார். ஏரில போட்டேன்னு சொன்னது பொய். அந்த சாருக்கு வித்துட்டேன்."

ஜெகதீசனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். யுவராணிக்கு வரவில்லை.

"ஒன்றரை வருஷமா வெச்சிருக்கேன்னு அவரே எழுதியிருக்காரு நைனா."

கோவிந்தன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. நோட்டில் அன்றைய கையெழுத்தைப் போட்டார். பேனாவைப் பத்திரமாக மூடினார்.

"பதினோரு நாளு உள்ள கெடந்தேன். அதுக்கு வந்தது அந்த அட்ட ஒண்ணுதான். அத்தயும் தூக்கி மேசைல போட்டுட்ட."

"நான் கேட்டனா? எனக்காக உள்ள போன்னு நான் கேட்டனா?"

"நீ கேக்க மாட்ட. நீ படிச்சவ." சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஜெகதீசன் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து அவள் முன் வைத்தார். "அவர் சொல்றது அவரோட. நீ பார்த்ததை நீ எழுது."

இந்தத் தடவை யாரும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் வரியில் 'ஸ்ரீநாத் சுட்டால் பறவை சாகாது' என்று எழுதினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கோவிந்தன் ரோட்டைக் கடந்து, வந்து நின்ற ஆவடி பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார். ஒரு கால் படியில் வைத்து ஒரு நொடி நின்றார். திரும்பிப் பார்க்காமல் ஏறிவிட்டார்.

பஸ் போனது. அவள் அடுத்த வரியை எழுதினாள்.